செமக்ளூடைட் ஊசி: ஒரு வருடத்துக்கு மேல் போட்ட அனுபவம்

எடை குறைக்க செமக்ளூடைட் ஊசி போடுகிறேன் என்றதும், எடை குறைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது, நன்றாகவே. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. காலைச் சாப்பாடு முடிந்த கையோடு மத்தியானத்துக்கு என்ன என்று மனம் கேட்கும், வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் கேட்டால் பசியே இல்லாமல் கால் அந்தப் பக்கம் திரும்பும், வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று இத்தனை வருடமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். டோஸ் கூடக் கூட அந்த நச்சரிப்பு அடங்கிவிட்டது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து பசியை அடக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் செய்கிற வேலையைத்தான் இந்த மருந்தும் செய்கிறது; நம் உடம்பில் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும், இது நாட்கணக்கில் நிற்கும், அதனால்தான் வாரம் ஒரே ஊசி. ஹார்மோன் விஷயத்துக்கு ஒருத்தியின் குணத்தைக் குறை சொன்னது அநியாயம்.

0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரம் கழித்து 0.5, அப்புறம் 1. எடைக்கு வழக்கமாக 2.4 வரை ஏற்றுவார்கள், ஆனால் எனக்கு 1 போதும் என்று டொக்டர் நிறுத்திவிட்டார். டோஸ் ஏறிய வாரங்களில் குமட்டல், எண்ணெய்ப் பலகாரம் பட்டால் இன்னும் மோசம். மலச்சிக்கல் மட்டும் இன்னும் போகவில்லை. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் முட்டை, மீன், கடலையை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன், பாரம் தூக்கும் பயிற்சியும் உண்டு.

மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனா, திறக்காதவரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. கொழும்பு வெயிலில் பார்மசியிலிருந்து ஐஸ் பையில்தான் கொண்டுவருகிறேன்.

செலவு முழுக்கச் சொந்தக் காசு. தொடங்குமுன் இதை யோசியுங்கள், ஏனென்றால் இந்த மருந்தைப் பற்றி 2021இல் வெளியான ஸ்டெப் 1 என்ற ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 வீதம் எடை இழந்தவர்களில், பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு, ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பிரஷர் குளிசை மாதிரி நீண்ட காலத்து மருந்து இது.

என் மச்சாள், "உன்ட பேனாவில எனக்கும் ஒருக்கா போட்டுவிடன்" என்றாள். மறுத்துவிட்டேன். ஊசிமுனையை மாற்றினாலும் பேனாவைப் பகிரக்கூடாது, தொற்று வரும். குடும்பத்தில் மெடுலரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்தே ஆகாது, கணையத்தில் முன்பு பிரச்சினை வந்ததா என்றும் பார்க்கவேண்டும். அடுத்த கிளினிக்குக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.