நாகருக்குப் பால்: ஆவணி ஞாயிறா, ஆயில்யமா?

ஆவணி பிறந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் நாகருக்கு எந்த நாளில் பால் ஊற்றுவது என்ற பேச்சும் வந்துவிடும். நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு ஞாயிறு விசேஷம். மண்ணாறசாலை, வெட்டிக்கோடு போன்ற கேரளத்து நாகர் கோயில்களுக்கு ஆயில்ய நட்சத்திரம்.

கிழமை என்றால் உரிமை. ஒரு நாளை 24 ஓரையாக்கி (ஓரை என்றால் ஒரு மணி நேரம்) ஏழு கோள்களையும் முறைவைத்துச் சுற்றவிட்டால், முதல் ஓரை ஞாயிற்றுக்கு என்றால் 25-ஆவது, அதாவது மறுநாள் காலை முதல் ஓரை, திங்களுக்குப் போகும். கிழமை வரிசை இப்படி வந்ததுதான். சம்பந்தர் 'ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழம் வெள்ளி சனி' என்று முடித்துவிட்டுத்தான் 'பாம்பிரண்டும்' என்கிறார் ('வியாழம்' என்பதை மலையாளத்தில் இன்றும் அப்படியே சொல்கிறார்கள்). அந்தப் பாம்புகளான ராகு, கேதுவுக்குச் சொந்தக் கிழமை கிடையாது. அதனால் ஞாயிற்றிடம் இரவல் வாங்கியாயிற்று. ஆவணியில் சூரியன் தன் வீடான சிம்மத்தில் இருக்கிறான்; மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டும் அப்போதுதான் பிறக்கிறது. திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நாகர்கோவிலுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆயில்யத்துக்கு இரவல் வேண்டாம், அதன் அதிதேவதையே சர்ப்பம். ஆனால் நாள் பார்ப்பதில்தான் தடுமாற்றம். சுமார் 27 நாளுக்கு ஒருமுறை வருவதால் ஒரே மாதத்தில் இரண்டு ஆயில்யம் விழலாம். இரண்டு நாளில் பரவிக் கிடந்தால், போகிற கோயில் எந்த நாளை எடுக்கிறதோ அதுதான் கணக்கு. வீட்டுக் காலண்டரை நம்பிப் பஸ் ஏறக்கூடாது. மலையாள மாதக் கணக்கில் துலாம் என்றால் நம் ஐப்பசி, கன்னி என்றால் புரட்டாசி. மண்ணாறசாலையின் பெரிய நாளான துலாம் ஆயில்யம் பெரும்பாலும் தேய்பிறை அஷ்டமியை ஒட்டி வரும். வளர்பிறையில் தேடினால் கிடைக்காது.

வழிபாட்டுப் பொருளிலும் வித்தியாசம் உண்டு. கேரளத்துக் கோயில்களில் 'நூறும் பாலும்'. நூறு என்பது எண்ணிக்கை அல்ல, பொடி. அரிசிமாவு, மஞ்சள்பொடி, பால், இளநீர் எல்லாம் சேரும். நாகர்கோவிலில் அரசடி நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் போதும். கருவறை மண்ணே பிரசாதம், அதன் கூரை இன்றும் ஓலைதான்.

நேர்ந்துகொண்டு வாராவாரம் போகிறவர்களுக்கு ஞாயிறே சரி. ஆவணியில் நாலோ ஐந்தோ வரும். ஒன்று தவறினாலும் அடுத்தது இருக்கிறது. முதல் ஞாயிறென்றால் அதிகாலையிலேயே போய்விடுவது நல்லது. ராகுகாலத்தில்தான் ஊற்றுவேன் என்றால் மாலை 4.30 முதல் 6. வீட்டிலேயே காவு (நாகர் குடியிருக்கும் சிறு தோப்பு) வைத்திருப்பவர்கள் ஆயில்யத்தை விடவேண்டாம், அங்கே கிழமை செல்லாது.

எந்த நாளானாலும் காய்ச்சாத பால், ஒரு சிலைக்கு அரைக் கரண்டி. பாக்கெட்டோடு கவிழ்த்தால் கல்லிடுக்கில் தேங்கிப் புளித்து, மதியத்துக்குள் எறும்பு மொய்க்கும். காவுக்குள் ஊற்றினால் பின்னாலேயே ஒரு செம்பு தண்ணீரும் விடவேண்டும்.