வெந்தயமா, பாகற்காயா, பட்டையா? சர்க்கரைக்கு உண்மையில் எது உதவும்

மொரீசியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. அதனால் நம் வீடுகளில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைக்குப் பக்கத்திலேயே வெந்தய டப்பாவும் இருக்கும். பாகற்காய்ச் சாறு அரைக்கும் மிக்ஸியும் காலையில் ஓடும். போர்ட் லூயி சந்தையில் திசான் எனும் மூலிகைக் கஷாயக் கட்டுகள் விற்கும் கடையில் கேட்டாலும் சர்க்கரைக்கென்று ஏதாவது எடுத்துத் தருவார்கள். எல்லாம் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வெந்தயம் முதலிடம், பாகற்காய் கறியாக மட்டும், பட்டைப் பொடி தேவையில்லை.

வெந்தயத்தின் பலம் அதன் நார். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி வெந்தயப் பொடியைக் கலந்து பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் கெட்டியாகி, கரண்டியை இழுத்தால் வழவழவென்று கூடவே வரும். கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்தான் அப்படிச் செய்கிறது. குடலிலும் அதே கூழ் உருவாகி, சோற்றின் மாவுச்சத்து இரத்தத்துக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. அப்படியென்றால் வெந்தயம் சாப்பாட்டை ஒட்டித்தான் வயிற்றில் இருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு ஃபராத்தா சாப்பிட்டால் அந்தக் கூழுக்கு வேலையே இல்லை. அதைவிடப் பெரிய தவறு, ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டுவது. நாரில் பெரும்பகுதி விதைக்குள்தான் இருக்கிறது.

அளவுதான் அடுத்த சிக்கல். 2015இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நீரிழிவின் வாசலில் நின்ற 140 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் உணவுக்கு முன் 5 கிராம் வெந்தயப் பொடி வீதம் நாளுக்கு இருமுறை எடுத்தார்கள். எடுக்காதவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று மேலாக இருந்தது. 2014இல் பத்துச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக லிட்டருக்கு 0.96 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்குச் சுமார் 17 மில்லிகிராம் குறைந்திருந்தது; கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 0.85 சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது. அந்தச் சோதனைகளில் பல சிறியவை, தரத்திலும் குறை உண்டு. ஆகவே உங்களுக்கும் அதே அளவு இறங்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் போக்கு தெளிவு: 5 கிராமுக்குக் கீழே எதிர்பார்க்க அதிகமில்லை. தலை தட்டிய தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம்கூட வராது. மேசைக்கரண்டி சுமார் 11 கிராம். தாளிக்கப் போடும் சிட்டிகை வாசனைக்குத்தான்.

முதல் வாரம் அரைத் தேக்கரண்டி, அடுத்த வாரம் ஒன்று என்று ஏற்றுங்கள். ஒரே நாளில் 10 கிராம் போட்டால் வயிறு உப்பும், பேதியாகும், அத்தோடு பலர் நிறுத்திவிடுவார்கள். பொடியைத் தண்ணீர் தாராளமாகச் சேர்த்தே விழுங்க வேண்டும். வியர்வையிலும் சிறுநீரிலும் இனிப்பு வாடை வரும், பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை போன்றவற்றுக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கூழ் மருந்தையும் பிடித்து வைக்கும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும், வேர்க்கடலைக்கோ கொண்டைக்கடலைக்கோ ஒவ்வாமை உள்ளவர்களும் மருந்தளவில் எடுக்கக் கூடாது.

பாகற்காய்க்கு வருவோம், கிரியோலில் மார்கோஸ். 2011இல் தாய்லாந்தில் உலர்ந்த பாகற்காயை 500, 1000, 2000 மில்லிகிராம் என்று மூன்று அளவில் நான்கு வாரம் கொடுத்து, நாளுக்கு 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மினோடு ஒப்பிட்டார்கள். 2000 அளவில் மட்டுமே குறிப்பிடத்தக்க இறக்கம் தெரிந்தது, அதுவும் மெட்ஃபார்மினுக்குக் கீழே. 2012இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 479 பேர் பங்கேற்ற நான்கு சோதனைகளை ஆராய்ந்து, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஆனாலும் கறியாகச் சமைப்பதை விடாதீர்கள். நார் உண்டு, மாவுச்சத்து குறைவு, சோற்றின் இடத்தை அது பிடிக்கிறது, அதுவே லாபம். உப்புப் பிசிறிப் பிழிந்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கடைசியில் வெல்லம் தூவினால் அந்த லாபம் போய்விடும். மெல்லிய வட்டமாக நறுக்கி, விதையை எடுத்து, புளியில் வேக வைத்தாலே கசப்பு அடங்கும். சாறு வேறு விஷயம். அதில் எவ்வளவு வீரியம் என்பது காய்க்குக் காய் மாறும். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் சாறு குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி விழலாம். விதையில் உள்ள வைசின் என்ற பொருள், இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து. கர்ப்பிணிகள் சாற்றைத் தொடவே கூடாது.

பட்டையில் இரண்டு வகை. இலங்கைப் பட்டை மெல்லிய சுருள் சுருளாக, விரலால் நொறுங்கும். காசியா தடித்த ஒற்றை ஓடு. மலிவான பொடி பெரும்பாலும் காசியாதான். அதில் கல்லீரலைத் தாக்கக்கூடிய கூமரின் கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அன்றாடப் பாதுகாப்பு வரம்பு 6 மில்லிகிராம். இரண்டு கிராமிலேயே எல்லை வந்துவிடுகிறது. பலனோ, 577 பேர் பங்கேற்ற பத்துச் சோதனைகளைத் தொகுத்தும் நிறுவப்படவில்லை. பிரியாணியில் போடும் துண்டுக்கு இதெல்லாம் பொருந்தாது.

முருங்கைக்கீரை, நம் ப்ரேத் முரும், அருமையான கீரை. சர்க்கரை மருந்தாகச் சொல்ல ஆய்வுகள் சிறியவை. மஞ்சளில் மருந்துப் பொருளாகச் சொல்லப்படும் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். தாய்லாந்து ஆய்வில் பலன் தந்த 1.5 கிராம் குர்குமினுக்கு 50 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். யாரும் அப்படிச் சாப்பிட முடியாது. மிளகுச் சாறு சேர்த்த செறிவு மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

பெயர் தெரியாத சூரண டப்பாவும் பஸ்பமும் இந்தப் போட்டியிலேயே சேராது. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தது. இங்கே மொரீசியஸில் ஆயுர்வேதத்துக்கு 1989இலிருந்து தனிச் சட்டமே உண்டு. பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய ஆயுர்வேத நூல்கள் பிரமேகத்துக்கு, அதாவது நீரிழிவு உள்ளிட்ட சிறுநீர் நோய்களுக்கு, உணவாக முன்வைத்தது வாற்கோதுமை (பார்லி). அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் வெந்தயக் கூழைப் போலவே வேலை செய்கிறது என்பதை இன்றைய ஆய்வும் ஒப்புகிறது. வாற்கோதுமையை இரவே ஊற வைத்து, அரிசியோடு பாதிக்குப் பாதி வேக வைத்தால் வாயும் ஏற்கும். குழைய விடாதீர்கள்.

காவடி விரத நாட்களில் தனிக் கவனம் வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிளிக்லசைடும் பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் நடைபாதையிலேயே மயக்கம் வரலாம். வியர்வை, நடுக்கம், சர்க்கரை அளவி லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே என்றால் விரதத்தை நினைக்காமல் 15 கிராம் சர்க்கரையை, அதாவது நான்கு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். மாத்திரையின் அளவை விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

வெந்தயம் தொடங்குவதற்கு முன் மூன்று நாள், ஒரே வகைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதி வையுங்கள். முழு அளவுக்கு வந்த பிறகு அதே சாப்பாட்டுக்கு மறுபடி மூன்று நாள் அளங்கள். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி. இரண்டு தாள்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பது அவர் வேலை.