ட்ரிகர் பழுது: ஆட்டோ-5-ஆ, 1100-ஆ?

ட்ரிகரை அழுத்தினால் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும், தோட்டா வெடிக்கவில்லை. பழைய செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வைத்திருக்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலருக்கும் இது பழகிய தொல்லை. உடனே திறந்துவிடாதீர்கள். குழல் ஆபத்தில்லாத பக்கம் பார்த்தபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அப்புறம் வெளியே வந்த தோட்டாவின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பிரைமரில் (அடிப்பாகத்தின் நடுவே உள்ள, தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடி) பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால், ஹேமர் என்கிற சுத்தியல் பாகம் அடிக்கிற அடியில் வலு இல்லை என்று சந்தேகிக்கலாம்.

இதைச் சரிசெய்வதில்தான் ரெமிங்டன் 1100, பிரவுனிங் ஆட்டோ-5 என்ற இரண்டு பழைய ஷாட்கன்களும் வேறு வேறு வழியில் போகின்றன.

1963-ல் வந்த ரெமிங்டன் 1100 பழுது பார்க்கிறவனை நினைத்தே செய்தது போல இருக்கும். தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்து, சேஃப்டியைப் போட்டு, உடலின் குறுக்கே போகும் இரண்டு பின்களைத் தள்ளினால் ட்ரிகர் தொகுதி முழுசாகக் கையில் வந்துவிடும். பல வருஷத்து எண்ணெய் கெட்டியாகிப் பழுப்புப் பிசினாக ஒட்டியிருக்கும். கழுவி, லேசாக எண்ணெய் விட்டாலே பாதிப் பழுது தீரும். வெளியே எடுத்த தொகுதியில் மட்டும் ட்ரிகரை அழுத்திப் பார்க்காதீர்கள்; ஹேமர் பாய்ந்து விரலை நசுக்கும்.

அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் ஆட்டோ-5 இதற்கு நேர் எதிர். 1900-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. பெல்ஜியத்தின் எஃப்என் துப்பாக்கி ஆலை 1902-ல் தயாரிக்கத் தொடங்கியது. ட்ரிகர் பிளேட்டை (ட்ரிகர் பாகங்கள் பொருந்தியிருக்கும் தகடு) எடுக்க முதலில் தோளில் வைக்கும் பின்கட்டையைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பெரிய திருகையும் பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகு பூட்டி வைத்திருக்கும். திருகுத் தலைகளில் உள்ள வெட்டு மிக மெல்லியது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும், நூறு வருஷத்து உலோகத்தில் ஆறாத வடு. ஹேமரைத் தள்ளுவது சுருள் ஸ்ப்ரிங் அல்ல, பட்டை ஸ்ப்ரிங். அது உடைந்தால் மாற்றுப் பாகம் தேட வேண்டும். அதே வடிவமைப்பில் வந்த ரெமிங்டன் மாடல் 11-ன் பாகங்கள் எல்லாமே நேராகப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சரி, எது மேல்? வீட்டு மேஜையில் நீங்களே செய்ய 1100. ஆட்டோ-5 என்றால், அதைப் பழகிய கைக்குக் கொடுங்கள். காசு போனாலும் அது தகும்.

சியர் (ட்ரிகரை அழுத்தும்வரை ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) தேய்ந்திருந்தால் மட்டும் இரண்டுக்கும் ஒரே பதில்: அரம் போடாதீர்கள். பாகத்தை மாற்றுங்கள். ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கிற துப்பாக்கியை யாரும் தோளில் வைக்கக் கூடாது.