பஞ்சதந்திரமா, முதல் நிலைக் கதையா?

மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். தானாகவே வாசிக்க, விலங்குகளின் நட்பைச் சொல்லும் சாதுவான கதைகளாகத் தேடினேன். கடைசியில் இரண்டு வழி மிஞ்சியது: கடையில் கிடைக்கும் பஞ்சதந்திரத் தொகுப்பு, இல்லையென்றால் குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளத்தில், புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கான முதல் நிலைக் கதைகள். நான் எடுத்தது இரண்டாவதை.

கதை என்று பார்த்தால் பஞ்சதந்திரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. காகம், எலி, ஆமை, மான் என நான்கு கூட்டாளிகள். வேடன் ஆமையைக் கட்டித் தூக்கிப் போகிறான். மான் செத்ததுபோல் கிடக்கிறது, காகம் அதைக் கொத்துவதுபோல் நடிக்கிறது. வேடன் ஆமையைப் போட்டுவிட்டு மானைப் பிடிக்க ஓட, எலி கட்டைக் கடித்துவிடுகிறது. ஆனால் அதே தொகுப்பில் சிங்கம் தன் நண்பனான எருதைக் கொல்லும் கதையும் உண்டு. பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். விலை, படம் எல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை.

வாக்கியம்தான் விஷயம். தொகுப்புகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள்: ‘ஆமை வேடனிடம் மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு மனம் வருந்திய நண்பர்கள் ஒன்றுகூடி ஆலோசித்தனர்.’ நமக்கு இது ஒரே மூச்சு. அவளுக்கு ‘மாட்டிக்கொண்டிருப்பதைக்’ மட்டுமே பன்னிரண்டு எழுத்து. நடுவில் ‘கொ’ வேறு: இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். ‘கெ’ என்று வாசித்துவிட்டுத் திரும்பி வருகிறாள். சொல்லின் கடைசிக்குப் போவதற்குள் மாட்டியது யார் என்பதே மறந்துவிடுகிறது. இதையே ‘ஆமை மாட்டியது. காகம் பார்த்தது. எலியிடம் பறந்தது.’ என்று எழுதினால் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஒரு விஷயம் கைக்கு வந்துவிடும். முதல் நிலைக் கதைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. மொத்தமே 250 சொல்லுக்குள். அதே சொல் திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாம் பக்கத்தில் கூட்டாமலே வாசிக்கிறாள். போதாக்குறைக்குத் தொகுப்புகளில் கதை முடிவில் கட்டம் கட்டி ‘நீதி’ வேறு. சின்னதாக இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் வாசிப்பாள்!

குறை இல்லாமல் இல்லை. முதல் நிலையில் பல கதைகள் மொழிபெயர்ப்பு, சிலவற்றில் தமிழ் விறைப்பாக இருக்கிறது. கதையும் சில நேரம் மெலிசு. நாயும் பூனையும் விளையாடின, தூங்கின, அவ்வளவுதான். ஆகவே வேடன் கதையை ராத்திரி நானே வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறேன். வார இறுதி வகுப்பில் மட்டும் தமிழ் எழுத்தைப் பார்க்கும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை.

பதிவிறக்கம் இலவசம், ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கலாம். அதற்கு முன் முதல் இரண்டு பக்கத்தை நீங்களே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் அடுத்த கதைக்குப் போய்விடுங்கள்.