இன்டெலா, ஏஎம்டியா: நம்பி வாங்கியவருக்கு என்ன கிடைத்தது?

கணினியின் மூளையான பிராசஸர் சிப்பைச் செய்யும் இரு நிறுவனங்கள் இன்டெலும் ஏஎம்டியும். இவற்றின் ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது வேகக் கணக்குதான் அதிகம் அடிபடும். என்னைக் கேட்டால், அந்தச் சிப் பொருந்தும் மதர்போர்டைப் பாருங்கள் என்பேன்.

ஏஎம்டி 2017-இல் தன் ரைசன் வரிசையின் முதல் சிப்புகளை ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (போர்டில் சிப் பொருந்தும் இடம்) இறக்கியது. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டிக்கும் அதே சாக்கெட்தான். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, பழைய போர்டிலேயே சிப்பை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. இன்டெல் பக்கம் 2017 இறுதியில் வந்த 8-ஆம் தலைமுறைச் சிப்புகளின் சாக்கெட்டுக்கும் எல்ஜிஏ 1151 என்றே பெயர். ஆனால் அதே பெயர் கொண்ட முந்தைய 200 வரிசை போர்டில் அது ஓடாது. அப்புறம் 2020-இல் எல்ஜிஏ 1200 சாக்கெட், 2021-இல் எல்ஜிஏ 1700. ஒவ்வொரு முறையும் புதுப் போர்டு, புதுச் செலவு.

அதற்காக ஏஎம்டியைத் தியாகி ஆக்கிவிட வேண்டாம். பி450 என்ற பழைய ஏஎம்4 போர்டுகளில் ரைசன் 5000 வரிசை ஓடாது என்றுதான் 2020-இல் முதலில் சொன்னது. பயனர்கள் கொதித்த பிறகே இறங்கி வந்தது.

இன்டெலுக்கும் ஒரு பலம் உண்டு. அதன் பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்புகளில், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும்; தனி கார்டு இல்லாமலும் சமாளிக்கலாம். ரைசனில் 7000 வரிசைக்கு முன்பு ‘ஜி’ வகைகளில் மட்டுமே அது இருந்தது. கிராபிக்ஸ் கார்டு கிடைக்காமல் அல்லாடிய 2021-இல் இது சின்ன விஷயமில்லை.

சரி, நீண்ட நாள் ஒரே போர்டை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு நான் ஏஎம்டியைத்தான் சொல்வேன். அடுத்த தலைமுறையிலும் அப்படியே சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.