அம்மாவின் சீர் பீரோ, கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள்: பெயிண்ட் அடித்து மூன்று வருடம் கழித்து

1989-ல் அம்மாவுக்குச் சீராக வந்த ஸ்டீல் பீரோ, பச்சை பெயிண்ட் அடித்த வேப்பமரக் கட்டில், தாத்தா வீட்டிலிருந்து வந்த தேக்கு டிரெஸ்ஸிங் டேபிள். மூன்றையும் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பழைய சாமான் கடையில் பீரோவை எடைக்குக் கேட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. 2022 பங்குனியில் நானும் தம்பியும் சேர்ந்து மூன்றுக்கும் பெயிண்ட் அடித்தோம். அடித்த அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும், அதனால் மூன்று வருடம் புழங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பீரோதான் நன்றாக நிற்கிறது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, துருவைத் தடுக்க முதலில் அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதற்கு மேல் இனாமல் மெல்லிசாக இரண்டு கோட். உடம்பில் ஒரு இடம் உரியவில்லை. சாவிக்கொத்து தொங்கி இடிக்கிற கைப்பிடி பக்கம் மட்டும் பொட்டுப் பொட்டாகப் போயிருக்கிறது. ஒரு காலில் துரு திரும்ப வந்துவிட்டது, வீடு துடைக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது, அடித்தபோது பீரோவைச் சாய்த்து அடிப்பக்கம் பார்க்காமல் விட்டோம். நீங்கள் செய்தால் காலுக்கு அடியிலும் அடித்து ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.

கட்டில் விஷயம் வேறு. தலைமாட்டுப் பலகையில் முப்பது வருடத்துத் தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தது. நாங்கள் நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம், அது எண்ணெயை எடுக்கவில்லை, பரப்பித்தான் விட்டது. ஆறே மாதத்தில் தலை சாய்கிற இடம் மட்டும் தோலாக உரிந்து வந்தது. அப்புறம் அந்தப் பலகையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தின்னரால் துணி கறுக்காத வரை துடைத்து, அதற்குப் பிறகே தேய்த்து, பிரைமர் போட்டு மறுபடி அடித்தோம். இன்றுவரை அசையவில்லை. முதலில் அழுக்கும் எண்ணெயும் போகவேண்டும், தேய்ப்பதெல்லாம் பிறகுதான். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலையுள்ள பெயிண்டும் நிற்காது.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூசி பறக்காது. நல்ல மாஸ்க் கட்டாயம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

டிரெஸ்ஸிங் டேபிளில்தான் எனக்கு வருத்தம். தேக்கின் மேல் வெள்ளை அடித்தோம். இரண்டு மாதத்தில் காபிக்கறை மாதிரி பழுப்பு கசிந்து வந்தது, மரத்தின் சாயம்தான் அது, மேலே எத்தனை கோட் அடித்தாலும் தலைகாட்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு கோட் பூசி அடைத்த பிறகுதான் நின்றது. அதோடு ஆயில் இனாமல் வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிறது, கண்ணாடிக்குப் பின்பக்கமும் டிராயருக்குள்ளும் நன்றாகவே தெரிகிறது. வெள்ளைதான் வேண்டுமென்றால் வாட்டர் பேஸ்டு இனாமல் வாங்குங்கள், வாடையும் குறைவு. உண்மையைச் சொன்னால், நல்ல தேக்கை இன்னொரு தடவை பெயிண்டால் மூடமாட்டேன், தேய்த்துப் பாலிஷ் போட்டிருந்தால் அந்த மரத்தின் ரேகை இப்போதும் தெரிந்திருக்கும்.

அவசரப்படாதீர்கள். கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். நாங்கள் நாலாம் நாளே டிராயரில் துணி அடுக்கினோம், ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. டிராயர் ஓடுகிற பக்கங்களில் பெயிண்டே வேண்டாம், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், மரம் ஈரத்தில் உப்பியிருக்கும்.

மூன்றுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, கூலி இல்லை. தை பிறந்து ஈரம் அடங்கியதும் பீரோவைச் சாய்த்து அந்தத் துருப்பிடித்த காலைச் சுரண்டப் போகிறேன், மிச்சமிருந்த ரெட் ஆக்சைடு டப்பா இன்னும் பரணில் இருக்கிறது.