கோழிச் செல்லுக்கு உண்ணி மருந்து, வசம்பு, ஆன்லைன் ஸ்பிரே: மூன்றையும் பயன்படுத்தியதில் தெரிந்தது

சேந்தமங்கலம் பக்கம் எங்கள் வீட்டில் எப்போதும் இருபது முப்பது சிறுவிடைக் கோழி இருக்கும். கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழியும் நாலைந்து உண்டு. நாமக்கல் பக்கத்திலேயே இருந்துகொண்டு கோழி மருந்துக்கு அலைவார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். அலையத்தான் வேண்டியிருக்கிறது. இங்கே இருக்கும் கடைகள் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டைக்கோழி வளர்க்கும் பண்ணைகளை நம்பி நடப்பவை. கோழி மேல் ஊறும் சின்னப் பூச்சியான செல்லுக்கு மருந்து கேட்டால், "அக்கா, லிட்டர் கேன்தான் இருக்கு" என்பார்கள். ஒரு லிட்டர் மருந்து எங்கள் வீட்டுக்குப் பேரப்பிள்ளை காலம் வரை வரும். அதனால் புறக்கடையில் கொஞ்சமாகக் கோழி வைத்திருப்பவர்கள் எதை வாங்கலாம், எதற்குக் காசு போடக்கூடாது என்று எழுதுகிறேன்.

நான் வாங்கியவை மூன்று. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, நாட்டு மருந்துக் கடை வசம்பு, ஆன்லைனில் வந்த மூலிகை ஸ்பிரே. முதல் இரண்டையும் திரும்ப வாங்குவேன். மூன்றாவதை வாங்க மாட்டேன்.

மருந்தைப் பற்றிச் சொல்லும் முன், என்ன பூச்சி என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் செல்லு என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை குடியிருக்கும் இடம் வேறு வேறு. பேன் கோழியின் உடம்பிலேயே பிறந்து அங்கேயே சாகும். கோழியைத் தலைகீழாகப் பிடித்து, ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் குடுகுடுவென்று ஓடும். இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும். சிவப்புச் செல்லு அப்படியில்லை. பகலில் கூண்டின் இடுக்கு, கட்டையின் பொருத்து, ஆணி ஓட்டை என்று ஒளிந்துகொண்டு, ராத்திரி கோழி அடைந்த பிறகு ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், சாயங்காலம் ஆனால் கூண்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறும். நம் கோழிக்கு என்னவோ நோய் என்று நினைப்போம்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் அது செல்லுதான். கூண்டுதான் அதன் வீடு, மருந்தும் கூண்டுக்குத்தான் போக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் உண்ணி மருந்தின் அருமை தெரிந்தது. டெல்டாமெத்ரின் என்ற மருந்து அது. பியூடாக்ஸ் என்று கேட்டால் தெரியாத கால்நடை மருந்துக் கடை கிடையாது; வேறு பெயர்களிலும் வருகிறது. ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம் மருந்து இருக்கும் சின்ன பாட்டில் போதும். பாட்டிலில் மாட்டுக்கும் நாய்க்கும்தான் அளவு போட்டிருப்பார்கள், கோழிக்குப் போட்டிருக்காது. அதனால் நானாக எதையும் கலக்கவில்லை. சனிக்கிழமை கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகம் போகும்போது, செல்லு பிடித்த பெட்டையையும் கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி, கூண்டுக்கு மட்டும் அடியுங்கள், கோழி மேல் வேண்டாம் என்றார்.

மருந்தை வாங்கி வந்ததும் அத்தை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங் கண்ணு, மாடு படம் போட்டிருக்குது. இத்தனூண்டு கோழி தாங்குமா?" என்றார். கோழிக்கு இல்லைங்க அத்தை, கூண்டுக்கு என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார். அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் கோழியை மருந்தில் முக்கி எடுத்துச் சாகடிக்கிறார்கள்.

அடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் காசு வீணாவதும் பலிப்பதும் இருக்கிறது. காலையில் கோழியை மேய விட்டதும், கூண்டில் இருக்கும் எச்சம், வைக்கோல், பழைய சாக்கு எல்லாவற்றையும் வாரித் தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். குப்பை மேல் மருந்து அடித்தால் குப்பைதான் குடிக்கும். உட்காரும் கட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். அதன் இரண்டு முனையும் சொருகியிருக்கும் பொருத்தில்தான் செல்லு அப்பிக்கொண்டு கிடக்கும். பிறகு கைத்தெளிப்பானில் கலந்து, சுவரின் நடுவில் வீசாமல், இடுக்கு இடுக்காக வழியும் அளவுக்கு அடிக்க வேண்டும். தகரக் கூரை பலகையோடு சேரும் இடம், கதவுக் கீல், முட்டைக் கூடையின் பின்னல் எதையும் விடக்கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே கோழி உள்ளே போக வேண்டும். தீவனத் தட்டும் தண்ணீர்க் குண்டாவும் அன்றைக்கு வெளியே இருக்கட்டும்.

அன்று ராத்திரியே துணியில் கோடு குறைந்துவிட்டது. ஆனால் இந்த மருந்து செல்லின் முட்டையைக் கொல்லாது. வெயில் காலத்தில் செல்லு முட்டையிலிருந்து பெரிதாகி மறுபடி முட்டை வைக்க ஒரு வாரம், பத்து நாள்தான். ஒரு தடவை அடித்துவிட்டு, போய்விட்டது என்று உட்கார்ந்தால், இடுக்கில் இருந்த முட்டையெல்லாம் பொரித்துப் பழையபடி ஆகிவிடும். அடுத்த வாரம் கட்டாயம் இன்னொரு முறை அடிக்க வேண்டும், தேவைப்பட்டால் அதற்கடுத்த வாரமும். கூண்டைக் காலியாகப் போட்டுவிட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பூச்சி அது.

இன்னொன்று. உரக்கடையில் பயிருக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் விலை குறைவு என்று வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பயிர் மருந்து 2.8 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 28 மில்லிகிராம். கால்நடை மருந்தில் 2 மில்லிக்கு 25 மில்லிகிராம் போகும் இடத்தில் இது 56 ஆகிவிடும். அதில் கலந்திருக்கும் கரைப்பானும் உயிருள்ள பிராணிகளை நினைத்துச் சேர்த்தது இல்லை. கால்நடை மருந்தாகவே இருந்தாலும் மீனுக்கு இது கடும் விஷம், கழுவிய தண்ணீரைக் குட்டை, கிணற்றுப் பக்கம் ஊற்றக்கூடாது. பூனைக்கும் ஆகாது. தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே அடிக்கக்கூடாது. கையுறையும் முகத்துக்குத் துணியும் இல்லாமல் தெளிப்பானைத் தொடாதீர்கள்.

இனி வசம்பு. இருபது முப்பது ரூபாய்க்குக் கேட்டாலே நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். கல் மாதிரி இருக்கும். தட்டி உடைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். இதை நான் அடைக்கோழிக்காகவே வைத்திருக்கிறேன். அடைக்கூடைதான் செல்லுக்குச் சொர்க்கம். 21 நாள் ஒரே இடத்தில் சூடாக, அசையாமல், ரத்தத்தோடு ஒரு கோழி உட்கார்ந்திருக்கிறது. வேறென்ன வேண்டும் அதற்கு? கடி தாங்காமல் கோழி எழுந்து எழுந்து போகும், முட்டை ஆறிவிடும், கரு செத்துவிடும். நல்ல தாய்க்கோழியைப் போய், இது அடைக்கு லாயக்கில்லை என்று அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். பாவம், குற்றம் கூடையில் இருந்திருக்கும். தப்பிப் பொரித்த குஞ்சுகள் மேலும் அதே செல்லு ஏறும். குஞ்சின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம்தான்.

அடைக்கூடையில் முட்டை இருக்கும்போது உண்ணி மருந்து அடிக்க எனக்கு மனம் வராது. வசம்பு அங்கே கை கொடுக்கிறது. அடை வைக்கும் முன்பே கூடையை வெயிலில் போட்டு, அடியில் காய்ந்த மணலோடு சாம்பல் கலந்து பரப்பி, அதன் மேல் வசம்புத் தூள் தூவி, நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு, மேலே புது வைக்கோல் வைக்கிறேன். இடிச் சத்தத்தில் கரு கெட்டுவிடக்கூடாது என்று அத்தை வழக்கம்போல ஓர் இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் வைப்பார். அது அவர் நம்பிக்கை, இருக்கட்டும். கோழியின் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கொஞ்சம் வசம்புத் தூளை விரலால் தேய்த்துவிடுவேன். கண், மூக்கில் படக்கூடாது. நடுவில் ஒருமுறை, கோழி இரை எடுக்க எழுந்து போகும் நேரத்தில் கையைக் கூடைக்குள் விட்டுப் பாருங்கள். கையில் ஊறி அரித்தால் வைக்கோலையும் தழையையும் மாற்றிவிட வேண்டும்.

இது கொல்லுமா என்றால், உண்ணி மருந்து மாதிரிப் பட்டென்று கொல்லாது. சுத்தமான கூடையில் முதலிலிருந்தே போட்டால் ஏறவிடாமல் வைத்திருக்கும். ஏற்கெனவே செல்லு கொப்பளிக்கும் கூண்டில் வசம்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். இயற்கை முறை என்றாலே போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு இதில்தான் கருத்து வேறுபாடு. பேன் இருக்கும் கோழிக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகைக் கரைசலும் அடிக்கலாம். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி, எல்லாம் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டியது. மாட்டு உண்ணிக்காகச் சொல்லப்பட்ட அளவு அது. நான் கோழிக்கு வெயில் நாளில், காலை நேரத்தில், இறகுக்கு அடியில் படும்படி அடிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஈர் பொரிந்ததும் இன்னொரு முறை. பேன் நன்றாகவே அடங்குகிறது.

ஆன்லைன் ஸ்பிரேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டிலில் அழகான கோழிப் படம், நூறு சதவீதம் மூலிகை என்ற வாசகம், உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரியும் கிடையாது. எலுமிச்சைப்புல் வாசனை தூக்கலாக இருந்தது. அடித்த இடத்தைவிட்டுச் செல்லு நகர்ந்து பக்கத்து இடுக்குக்குப் போனது, வாசனை போனதும் திரும்பி வந்தது. உண்ணி மருந்தையும் வசம்பையும் சேர்த்து வாங்கினாலும் இதன் விலையில் பாதிகூட ஆகாது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் முட்டையிடும் கோழிக்குப் போடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் செல்லுக்கு அடித்த மூலிகை மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தது. பண்ணைகளை மூடினார்கள், லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து அழித்தார்கள். அதே ஃபிப்ரோனில்தான் நம் ஊரில் நாய்க்கு முதுகில் விடும் பல சொட்டு மருந்துகளில் இருக்கிறது. கோழிக்கும் ஒரு சொட்டு விடுங்க, செல்லு ஓடிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செல்லு ஓடும், ஆனால் மருந்து முட்டையில் வரும், அந்த முட்டையை நம் பிள்ளைகள்தான் சாப்பிடும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தும் அப்படித்தான், டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. கொடுத்தால் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும், எத்தனை நாள் கறிக்கு அடிக்கக்கூடாது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புக் கறுப்பாக அசையாமல் ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சி. பிடுங்காதீர்கள், புண்ணாகும். வாசலினைக் கனமாகத் தடவினால் மூச்சடைத்து உதிர்ந்துவிடும். அதன் புழு கூண்டைச் சுற்றி மண்ணில் வளர்வதால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போட வேண்டும். காலில் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியது போல் இருந்தால் அது வேறு வகைச் செல்லு, தோலுக்குள் துளைத்து இருப்பது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, வேப்பெண்ணெயோ வாசலினோ வாரக்கணக்கில் தடவி வந்தால் குணமாகும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தோல் வெந்துபோகும்.

மருந்து வாங்கப் போகிறவர்களுக்கு: லிட்டர் கேன் வைத்திருக்கும் பண்ணைக் கடையைவிட, ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வந்துபோகும் கடைவீதி மருந்துக்கடையில்தான் 15 மில்லி, 50 மில்லி பாட்டில் எளிதாகக் கிடைக்கிறது. பாட்டிலில் காலாவதி தேதியைப் பாருங்கள், மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, அதே அளவு மருந்து உள்ளதை மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் வீரியம் கூட இருக்குங்க, நல்லா வேலை செய்யும் என்று வேறொன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.